முந்தவிடுகிறவரின் வேலை

ஒரு லாரி இன்னொரு லாரியை முந்துவதைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் முந்துகிறவரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். கண்ணாடியைப் பார்த்தாரா, இண்டிகேட்டர் போட்டாரா, முந்தி முடித்தபின் போதிய இடம் விட்டு உள்ளே வந்தாரா என்றெல்லாம் கேட்கிறார்கள். பயிற்சிக் கையேடுகளிலும் அவருக்குத்தான் பக்கங்கள் அதிகம். பக்கத்துத் தடத்தில் முந்தப்படுகிறவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை என்பதுபோல் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். கனரக வண்டி ஓட்டிப் பிழைக்கும் எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. இரண்டு பெரிய வண்டிகள் பக்கம் பக்கமாக எவ்வளவு நேரம் ஓட வேண்டியிருக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறவர் முந்தப்படுகிறவர்தான். ஆபத்து முழுவதும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

இதை வெறும் கருத்தாகச் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. கணக்குப் போட்டே காட்டலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கனரக லாரிகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போக விடாது. வேறு பல நாடுகளிலும் சட்டமோ முதலாளியோ இப்படி ஓர் உச்ச வரம்பை வைத்திருப்பது வழக்கம். எல்லோருக்கும் ஒரே வரம்பு என்றால் யாரும் யாரையும் முந்தத் தேவையில்லை என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். நடைமுறை அப்படி இல்லை. டயரின் தேய்மானம், கருவியை அமைத்த விதம், ஏற்றியிருக்கும் லோடு, முதலாளி டீசல் மிச்சத்துக்காகக் குறைத்து வைத்த அளவு என்று பல காரணங்களால் ஒரு வண்டி 90இல் ஓடும், இன்னொன்று 88இல் ஓடும். பின்னால் வருகிறவர் வேகத்தைச் சற்றே குறைத்துக்கொண்டு நாள் முழுவதும் முன்வண்டியின் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்த வேண்டும்.

இரண்டு டிரெய்லர் லாரிகள், ஒவ்வொன்றும் 16.5 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். முந்துகிறவர் 50 மீட்டர் பின்னாலிருந்து தடம் மாறுகிறார். 50 மீட்டர் முன்னே போனபிறகு திரும்ப உள்ளே வருகிறார். மற்ற வண்டியைவிட அவர் கூடுதலாகக் கடக்க வேண்டிய தொலைவு 133 மீட்டர். மணிக்கு 2 கிலோமீட்டர் வித்தியாசம் என்பது நொடிக்கு அரை மீட்டரைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்த 133 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 4 நிமிடம் ஆகும். அதற்குள் 6 கிலோமீட்டர் சாலை ஓடிப்போயிருக்கும். அந்த 6 கிலோமீட்டரில் ஒரு வளைவு வரலாம், ஒரு பாலம் வரலாம், பக்கச் சாலையிலிருந்து வண்டிகள் வந்து சேரும் இடம் வரலாம். பின்னால் கார்கள் வரிசை கட்டி நிற்கும். அவற்றில் ஒன்று பொறுமை இழந்து செய்யக்கூடாத ஒன்றைச் செய்யும்.

இப்போது முந்தப்படுகிறவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து 80க்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 10 கிலோமீட்டர் ஆகிவிட்டது. அதே 133 மீட்டரை 48 நொடியில் கடந்துவிடலாம். ஓடும் சாலை 1.2 கிலோமீட்டர். வளைவு வருவதற்குள் எல்லாம் முடிந்து இரண்டு வண்டிகளும் ஒரே தடத்தில் முன்பின்னாகப் போய்க்கொண்டிருக்கும்.

காலை எடுத்தவருக்கு என்ன நஷ்டம்? 88இலேயே போயிருந்தால் அந்த 48 நொடியில் எட்டியிருக்கக்கூடிய இடத்துக்கு ஏறத்தாழ 107 மீட்டர் பின்னால் இருப்பார். 88 கிலோமீட்டர் வேகத்தில் 107 மீட்டர் என்பது நாலரை நொடி. திரும்ப வேகம் பிடிப்பதற்கு இன்னும் சில நொடிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சில நொடிகள். மறுபக்கம் மூன்று நிமிடத்துக்கும் மேலான ஆபத்து. தொழிலில் இதைவிட மலிவாக எனக்கு எதுவும் கிடைத்ததில்லை.

ஜெர்மனியில் இதை நீதிமன்றமே கணக்குப் போட்டிருக்கிறது. லாரிகள் ஒன்றையொன்று ஊர்ந்து முந்துவதை அங்கே யானைப் பந்தயம் என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். 2008இல் ஹாம் நகரிலுள்ள உயர் மாநில நீதிமன்றம், ஒரு லாரி முந்தி முடிக்க 45 நொடிக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற பொது அளவுகோலை முன்வைத்தது. அதற்கு மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேக வித்தியாசம் வேண்டும் என்றது. என் கணக்கும் அதற்கு அருகில்தான் வந்து நிற்கிறது. ஆனால் அந்த அளவுகோல் முந்துகிறவரை நோக்கியது. இருவரும் ஒரே உச்ச வரம்பில் ஓடும்போது அந்த 10 கிலோமீட்டர் எங்கிருந்து வரும்? முந்துகிறவரிடம் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. மற்றவர் விட்டுக்கொடுத்தால்தான் உண்டு.

லாரிகள் இளைப்பாறும் இடம் ஒன்றில் சக டிரைவர் ஒருவரோடு இதைப் பற்றி நீண்ட நேரம் வாதாடியிருக்கிறேன். என்னைவிட வயதில் மூத்தவர், நிதானமான ஓட்டுநர். "நான் என் தடத்தில், என் வேகத்தில் போகிறேன். முந்த ஆசைப்படுகிறவன் அவன். நான் எதற்குக் காலை எடுக்க வேண்டும்?" என்றார். அவர் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சட்டமும் பொதுவாக அவரை வேகத்தைக் குறைக்கச் சொல்வதில்லை. சாலைப் போக்குவரத்து பற்றிய 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, முந்தப்படுகிறவர் ஓரமாக ஒதுங்க வேண்டும், வேகத்தைக் கூட்டக்கூடாது என்கிறது. சாலை குறுகலாகவோ மோசமாகவோ இருந்து, எதிரே வரும் வண்டிகளாலும் மெதுவான அல்லது பெரிய வண்டியை எளிதாக முந்த முடியாதபோதுதான் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது. நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, அவர் உங்கள் பக்கத்திலேயே நாலு நிமிடம் ஓடும்போது முன்னால் ஒரு டயர் கிடந்தால் நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள்?" பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. ஒரு பக்கம் ஓரத் தடுப்பு, மறுபக்கம் 40 டன். பக்கத்தில் வண்டி ஓடும்வரை நமக்கும் தப்பிக்க இடமில்லை. சைடு கொடுப்பது பெருந்தன்மை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நம்மைச் சுற்றி இடத்தை மீட்டுக்கொள்ளும் வழியும் அதுதான்.

டீசல் வீணாகிறது என்று சிலர் சொல்வார்கள். பிரேக் பிடித்தால் வீண்தான். காலை மட்டும் எடுத்தால் அந்த வேளையில் இன்றைய இன்ஜின் அநேகமாக எரிபொருளே குடிப்பதில்லை. வண்டி தன் வேகத்தைச் செலவழித்து உருளுகிறது. திரும்பப் பிடிக்கும்போது கொஞ்சம் கூடுதலாகப் போகும், பெரும்பகுதி நேராகிவிடும். பிரேக்கைத் தொடக்கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பின்னால் வருகிறவருக்கு நம் பிரேக் விளக்கு எரிவது முன்னால் ஏதோ விபரீதம் என்று தெரியும். அவரும் மிதிப்பார், அவருக்குப் பின்னால் இருப்பவரும் மிதிப்பார். மெல்லக் குறைவது யாரையும் திடுக்கிட வைப்பதில்லை.

எல்லா இடத்திலும் காலை எடு என்று நான் சொல்லவில்லை. முழு லோடோடு செங்குத்தான ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருப்பவர் காலை எடுத்தால் வண்டியின் ஓட்டம் செத்துவிடும். இரண்டு கியர் இறக்கி மேடு முழுவதும் ஊர்ந்தாக வேண்டும். அங்கே விட்டுக்கொடுக்க வேண்டியவர் முந்த நினைக்கிறவர்தான். மேட்டின் பாதியில் தொடங்கிவிட்டு உச்சிக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று நம்பும் டிரைவர்கள் இருக்கிறார்கள். உச்சியைத் தாண்டியதும் லோடு அதிகமுள்ள வண்டி இறக்கத்தில் தானாக வேகம் பிடிக்கும். அதுவரை பின்தங்கியிருந்தது பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு இறக்கம் முழுவதும் இரண்டும் இணையாகப் பாயும். அந்த மேட்டைப் பொறுமையாகப் பின்னாலேயே ஏறியிருக்கலாம்.

இருவழிச் சாலையில் இந்தக் கணக்கு இன்னும் கொடூரமானது. முன்வண்டி 60இல் போகிறது, பின்வண்டி 75இல் முந்துகிறது, எதிரே ஒரு வண்டி 80இல் வருகிறது. இடைவெளியை இரு பக்கமும் 25 மீட்டராகச் சுருக்கி வைத்தாலும் முந்தி முடிக்க 20 நொடி ஆகும். முந்துகிறவர் ஓடும் தொலைவும் எதிரே வருகிறவர் ஓடும் தொலைவும் சேர்ந்து ஏறத்தாழ 860 மீட்டர். அவ்வளவு நீளத்துக்குச் சாலை காலியாகக் கண்ணில் தெரிய வேண்டும். முந்தப்படுகிறவர் 50க்கு இறங்கினால் 12 நொடி, 515 மீட்டர் போதும். மாறாக, வீம்புக்கு 65ஆக ஏற்றினால் 30 நொடி. தேவைப்படும் தொலைவு 1,290 மீட்டர். வெறும் 5 கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டிய ஒரு கால், சாலையில் இன்னொருவருக்கு வேண்டியிருந்த 430 மீட்டரைப் பிடுங்கிக்கொள்கிறது. எதிரே வருகிறவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவர் வண்டியில் குழந்தைகள் இருக்கலாம். முந்தப்படும்போது வேகத்தை ஏற்றுகிறவரை நான் டிரைவர் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன், அவர் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும்.

முந்துவது நடுவில் முறிந்துபோகும் நேரம்தான் மிகக் கடினம். எதிரே வண்டி தெரிந்துவிட்டது. முந்துகிறவர் முன்னே போவதா, பின்வாங்குவதா என்று தடுமாறுகிறார். இந்த நொடியில் இருவரும் ஒரே சமயத்தில் பிரேக்கை அழுத்தினால் பக்கம் பக்கமாகவே நிற்பார்கள். இருவரும் உதவத்தான் நினைத்தார்கள், ஆனால் கதவு அடைபட்டுவிட்டது. அதனால்தான் வேகத்தைக் குறைப்பதாக இருந்தால் தொடக்கத்திலேயே குறைக்க வேண்டும் என்கிறேன். அவர் இண்டிகேட்டர் போட்டு வெளியே வரும்போதே நம் கால் எழுந்துவிட வேண்டும். அவர் வண்டியின் முகம் இன்னும் நம் கதவுக்குப் பின்னாலேயே இருந்து, கண்ணாடியில் அது பின்னுக்கு நழுவுவது தெரிந்தால் அவர் பின்வாங்குகிறார் என்று பொருள். அப்போது நாம் பிரேக்கைத் தொடாமல் சீராக முன்னே போய் நமக்குப் பின்னால் அவருக்கு இடம் திறந்துவிட வேண்டும். அவர் நம் முகத்தைத் தாண்டிவிட்டிருந்தால் தயங்காமல் நாம்தான் பிரேக் பிடிக்க வேண்டும்.

லைட் அடிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்திய வண்டியின் வால் நம்மைத் தாண்டியதும் ஒருமுறை ஹெட்லைட்டை மின்னவிட்டு 'உள்ளே வரலாம்' என்று சொல்வது உலகின் பல பகுதிகளில் டிரைவர்களிடையே இருக்கும் பழக்கம். உள்ளே வந்தவர் பின்விளக்கையோ இண்டிகேட்டரையோ இரண்டு முறை சிமிட்டி நன்றி சொல்வார். இதற்குக் காரணம் கௌரவம் அல்ல, தேவை. 16 மீட்டர் பின்னால் இருக்கும் தன் வண்டியின் கடைசி மூலை நம் பம்பரைத் தாண்டிவிட்டதா என்பது அவருக்குக் கண்ணாடியில் சரியாகத் தெரியாது. குவிந்த கண்ணாடி எல்லாவற்றையும் உள்ளதைவிடத் தூரமாகக் காட்டும். நமக்கோ அந்த மூலை கண்ணுக்கு நேராக இருக்கிறது. நம் கண்ணை அவருக்குக் கொஞ்ச நேரம் கடன் கொடுக்கிறோம்.

ஆனால் பலரும் இதை அவசரமாகச் செய்கிறார்கள். வால் பம்பரைத் தாண்டிய உடனே லைட் அடித்தால் அவர் உடனே உள்ளே வருவார். அப்போது இருவருக்கும் நடுவே ஐந்து மீட்டர் இருக்கும். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறோம். அந்த ஐந்து மீட்டரில் நாம் எதையும் செய்ய முடியாது. நான் இரண்டு நொடி இடைவெளி கிடைக்கும்வரை காத்திருந்துதான் அடிப்பேன். அது ஏறக்குறைய 50 மீட்டர். ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும் லாரிகள் கட்டாயம் விட வேண்டிய இடைவெளியும் அதே 50 மீட்டர்தான்.

இரவில் ஹெட்லைட்டை உயர்த்தி அடிப்பதும் தவறு. அந்த வெளிச்சம் நேராக அவர் கண்ணாடியில் பட்டுக் கண்ணில் பாயும். சரியாகப் பார்க்க வேண்டிய நொடியில் அவரைக் குருடாக்கிவிட்டு வழி காட்டுவதில் என்ன பயன்? சில லாரிகளில் ஓர விளக்குகளை மட்டும் ஒரு கணம் அணைத்து எரியவிடத் தனி பொத்தான் உண்டு. அது இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் எதுவும் செய்யாமல் இடைவெளியை மட்டும் விட்டுக்கொடுத்தாலே போதும்.

இன்னொன்று. லைட் அடித்தது அனுமதி ஆகாது, தகவல் மட்டுமே. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிக் கையேடு, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே ஹெட்லைட்டை மின்னவிட வேண்டும் என்கிறது. பிறர் மின்னவிட்டதை நமக்கு வழிவிடுவதாக எண்ணிவிடக்கூடாது என்றும் எச்சரிக்கிறது. ஓரிடத்தில் 'வா' என்று பொருள்படும் மின்னல் இன்னோரிடத்தில் 'வராதே, நான் வருகிறேன்' என்று பொருள்படும். இருவழிச் சாலையில் முன்வண்டி இண்டிகேட்டர் போட்டு முந்தச் சொல்வது அதைவிட ஆபத்து. அதே இண்டிகேட்டர் அவர் திரும்பப் போகிறார் என்பதையும் குறிக்கும். அந்தச் சைகையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. யாராவது கொடுத்தாலும் சாலையை என் கண்ணால் பார்த்த பிறகே வெளியே போவேன். எதிரே என்ன வருகிறது என்பதற்கான பொறுப்பை இன்னொருவர் விளக்கிடம் ஒப்படைக்க முடியாது.

முந்துகிறவருக்கான கடமைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். இரண்டை மட்டும் சொல்கிறேன். தடம் மாறுவதற்கு முன்பே வேகம் கையில் இருக்க வேண்டும். வெளியே வந்தபிறகு வேகம் தேடக்கூடாது. தேடிக் கிடைக்கவில்லை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டால் கூச்சப்படாமல் பின்வாங்கி உள்ளே வந்துவிட வேண்டும். இரண்டாவது, கிளீனர் பக்கம், அதாவது டிரைவர் உட்காராத பக்கம். லாரியின் மறைவிடங்களில் பெரியது அந்தப் பக்கம்தான். அமெரிக்காவின் மத்திய அரசு வழிகாட்டுதல் லாரியின் முன்னே ஏறத்தாழ 6 மீட்டரும் பின்னே 9 மீட்டரும் ஓட்டுநருக்குத் தெரியாத இடம் என்கிறது. கிளீனர் பக்கத்தில் அந்த மறைவிடம் இரண்டு தட அகலத்துக்கு விரிகிறது என்றும் சொல்கிறது. ஒருமுறை கண்ணாடியைப் பார்த்து இண்டிகேட்டர் போட்டு, சில நொடி விட்டு இரண்டாம் முறை பார்த்தபிறகே ஸ்டீயரிங்கை அசைக்க வேண்டும். முதல் பார்வையில் மறைந்திருந்த மோட்டார் சைக்கிள் இரண்டாம் பார்வையில் வெளிப்படும். அந்தச் சில நொடிகள் அதற்காகத்தான்.

காற்றையும் மறக்கக்கூடாது. பெரிய வண்டி ஒன்று நெருங்கும்போது அதன் முகம் தள்ளும் காற்று நம்மை ஓரத்துக்கு ஒதுக்கும். அது தாண்டும்போது உள்ளே இழுக்கும். காலி டிரெய்லர் இதை நன்றாக உணரும். மழை நாளில் கூடவே சக்கரம் வீசியடிக்கும் தண்ணீர் சில நொடி கண்ணாடியை மூடிவிடும். முந்தப்படுகிறவர் தன் தடத்துக்குள்ளேயே ஒரு சாண் ஓரமாக ஒதுங்கி, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தால் இந்தத் தள்ளலும் இழுப்பும் ஒன்றும் செய்யாது.

இவை எல்லாம் டிரைவர்களுக்குத் தெரியாதவை என்று நான் நினைக்கவில்லை. தெரிந்தும் கால் எழாததற்குக் காரணங்கள் இருக்கின்றன. பதினோராவது மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும் உடம்புக்குக் கண்ணாடியைப் பார்ப்பதே பெரிய வேலை. நேரத்துக்குச் சரக்கு இறக்காவிட்டால் வரிசையில் கடைசிக்குத் தள்ளப்படுவோம் என்ற பயம் இன்னொன்று. மூன்றாவது, தானாக வேகம் காக்கும் கருவி. அதைப் போட்டுவிட்டால் கால் மிதியிலேயே இருக்காது. பக்கத்தில் ஒருவர் நாலு நிமிடமாக ஊர்ந்துகொண்டிருப்பது உறைக்கவே உறைக்காது. முந்தி வந்தவர் சற்று நெருக்கமாக உள்ளே நுழைந்தால், முன்வண்டியைக் கண்டு தானே வேகம் குறைக்கும் புதிய கருவி பிரேக்கையும் பிடித்துவிடும். பின்னால் வருகிறவர் திகைப்பார். முந்தப்படும்போது கருவியை அணைத்துவிட்டுக் காலால் ஓட்டுவதே நல்லது. ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்துவிடும்.

லாரி உரிமையாளர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டிகளில் ஓட்டுநரின் வேகத்தையும் பிரேக்கையும் நொடிக்கு நொடி பதிவு செய்யும் கருவிகளை வைத்திருக்கிறீர்கள். சீரான வேகத்தில் ஓட்டியவருக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கிறீர்கள். சமதளத்தில் ஒரு நிமிடம் வேகம் குறைந்து மறுபடி ஏறியிருந்தால் அதைக் குறையாகக் கணக்கெடுக்காதீர்கள். பக்கத்தில் யாருக்காவது வழி விட்டிருக்கலாம் என்று அவரிடம் கேளுங்கள். வேக வரம்பைக் குறைத்து வைப்பது உங்கள் உரிமை. ஆனால் அப்படிக் குறைத்த வண்டியை ஓட்டுகிறவர் நாள் முழுவதும் முந்தப்படுகிறவராகவே இருப்பார். எப்போது காலை எடுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வண்டியை வெளியே அனுப்புங்கள்.